மொச்சைக்குப் பல் விழுந்த நாட்கள்

செப்டம்பர் 10, புதன்

பத்தொன்பது வருடமாக அங்கன்வாடியில் தினசரி எழுதிப் பழகிய கை. எத்தனை குழந்தைகள் வந்தார்கள், என்ன சமைத்தோம், யாருக்கு எடை குறைந்தது என்று எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மகன் மிதுனின் பழைய காலேஜ் நோட்டு ஒன்றில் பின்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாளாகிறது. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் போகும்போது ஒன்றையே சொல்லிவிட்டுப் போனார்கள். "தலையில ஹெல்மெட்ட மாட்டியிருந்தா பொழைச்சிருப்பான்." இவர் அதற்கு ஒவ்வொரு தடவையும், "திமிரு. எங்கியோ மறந்து வெச்சுட்டு, வெறுந்தலையோட போயிருக்கறான் கழுதை" என்று பதில் சொல்வார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சென்னியப்பன், பஸ் டிப்போவில் மெக்கானிக். அந்தப் பேச்சு ஆரம்பித்ததும் நான் காபித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இன்று காலை பதினோரு மணிக்குத் தரணி வந்தான். மிதுனோடு படித்த பையன், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே நாய்க்குட்டி.

"அம்மா, இது மிதுனோடதுங்க" என்றான். "பொறந்ததுல இருந்து ஞாயித்துக்கெழமையானா வந்து இதுகூடத்தாங்க வெளையாடீட்டிருப்பான். அம்மாகிட்டச் சம்மதம் வாங்கீட்டு எடுத்துக்கறேன்னு சொல்லீட்டே இருந்தானுங்க. யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன்."

எனக்கா தெரியாது. ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, இதை எடுத்துவரத்தான் அவன் கிளம்பினான். நாலு கிலோமீட்டர். வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் மணலில் வண்டி சறுக்கிப் பாலத்துக் கல்லில் தலை மோதியது. நாய் வேண்டவே வேண்டாம் என்று அன்று சண்டை பிடித்தவள் நான்.

இன்றும் அதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் குனிந்து பெட்டியிலிருந்து அதைத் தூக்கிவிட்டார். வெள்ளைக் குட்டி, முதுகில் ஒரே ஒரு பழுப்புப் புள்ளி.

"மொச்சைன்னு பேரு வெச்சானுங்க" என்றான் தரணி.

கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன், ஐந்து கிலோ இருக்கும். வயது மூன்று மாதம்.

செப்டம்பர் 12, வெள்ளி

நாள் முழுக்க அழுதது. பால் வைத்தேன். குடித்துவிட்டு மறுபடி அழுதது.

செப்டம்பர் 15, திங்கள்

வேலைக்குப் போனேன். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், எங்க போயிட்டீங்க?" என்று கேட்டார்கள். ஊருக்கு என்றேன். எந்த ஊருக்கு என்று யாழினி விடாமல் நச்சரித்தாள். ஹெல்பர் அக்கா வந்து அவளை இழுத்துக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால், வாசலிலிருந்த மிதுனின் இடது ஷூ நாராகக் கிடக்கிறது. அந்த ஜோடியை அவன் கழற்றி வைத்த இடத்திலிருந்து நான் ஒரு இஞ்சுகூட நகர்த்தியிருக்கவில்லை. கூட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் கூட்டுவேன். எனக்குக் கண்மண் தெரியவில்லை. பேப்பரைச் சுருட்டி நாலு போடு போட்டேன். அது மூலையில் மூத்திரம் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து என் காலை நக்கியது.

பத்தொன்பது வருடத்தில் ஒரு குழந்தையைக் கைநீட்டி அடித்ததில்லை என்று மீட்டிங்கில் பெருமை பேசியிருக்கிறேன். இன்று அந்தப் பெருமையும் போனது.

ஷூவை இவர் பார்த்தார். அறுந்த லேசை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று இவருடைய போன் சார்ஜர் வயர். நல்லவேளை, பிளக்கில் இல்லை.

இதற்கு இவர் பட்ட பாடு இருக்கிறதே! போன் அணைந்துபோய்விட்டது. மகன் காரியத்தின்போதுகூட நிதானமாக நின்ற மனிதர், சட்டை பட்டனைக்கூடச் சரியாகப் போடாமல் கடைக்கு ஓடினார். பழைய போன், அதற்கான வயர் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிவந்து, மாட்டி, எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீரே குடித்தார்.

"வேற புதுசு வாங்கிக்கலாமுல்லங்க. இதுல சத்தமே சரியாக் கேக்கறதில்ல" என்றேன்.

"வேண்டாம்."

மிதுனின் போட்டோக்கள் அதில் இருக்கும்போல. போனும் கையுமாக வாசல்படியில் உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போனதும் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இந்த வாரக் கணக்கு: ஷூ ஒன்று, வயர் ஒன்று, மிதுனின் தலையணை ஓரம், அவன் மில்லுக்குக் கொண்டுபோகும் பையின் வார், என் விளக்குமாறு. இன்னும் இரண்டு நாள் பார்ப்பேன், பிறகு தரணியைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுவேன் என்று இவரிடம் சொன்னேன்.

"பாக்கலாம்" என்றார். அவருடைய பாக்கலாமுக்கு முடியாது என்று பொருள்.

பின்னறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். வீட்டில் எங்கே வேண்டுமானாலும் அது போகட்டும். அந்த அறைக் கட்டிலுக்கு அடியில் மட்டும் போகக் கூடாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போனேன். டாக்டரம்மா சின்ன வயசு. மேசைமேல் நிற்கவைத்து, உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, பால் பல்லு ஆட ஆரம்பிச்சிருச்சு. ஈறு வலிக்கும், அரிக்கும். அதான் கெடைச்சதையெல்லாம் கடிக்குது. ஆறு மாசம் ஆனாச் சரியாயிரும்."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? பல் முளைக்கிற பிள்ளை அங்கன்வாடிச் சுவரையே சுரண்டித் தின்று பார்த்தவள் நான். 'ஈறு ஊறுது, ஒரு கேரட்டைக் கையில குடு' என்று எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லியிருப்பேன். இந்தக் குட்டியை மட்டும் வேண்டுமென்றே கெடுதல் செய்ய வந்ததாக நினைத்துவிட்டேன்.

டாக்டரம்மா சொன்னதை எழுதி வைக்கிறேன். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. வாயில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். வேறொன்றைக் காட்டி மாற்றி வாங்க வேண்டும். பழைய துணியை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம். குளிர்ந்த கேரட் கொடுக்கலாம். வேகவைத்த எலும்பு ஆகாது. சாயங்காலம் நன்றாக ஓடவிட வேண்டும்.

"ஷூவையெல்லாம் இனி ஒளிச்சு வெச்சிர்றேனுங்க" என்றேன் நான்.

"ஒளிச்சு வெச்சா மட்டும் பத்தாதுங்கம்மா. பதிலுக்கு ஒன்னு குடுக்கோணும். இல்லீன்னா அது தேடீட்டேதான் இருக்கும்" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். காலையில் சாப்பிடவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

செப்டம்பர் 24, புதன்

இவர் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து மூன்று புரியாகப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நனைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்ததும் அரை மணி நேரம் வாயிலேயே வைத்திருந்தது. நிம்மதி. ஃப்ரீசரில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வேட்டி இருப்பதை யாரும் பார்க்காமல் இருந்தால் சரி.

செப்டம்பர் 27, சனி

நாற்காலிக் கால்கள், பீரோ மூலை, கதவு நிலை எல்லாவற்றிலும் வேப்பெண்ணெய் தடவினேன். மிதுனுக்குப் பால் மறக்கடிக்க அப்படித்தான் செய்தேன். ஒன்றரை வயது அப்போது. மூன்று நாள் வேப்பெண்ணெய் தடவினேன். முதல் நாள் நாக்கை வைத்தவன் முகத்தைச் சுளித்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் அப்படியே சப்பிக் குடித்துவிட்டான்.

இதுவும் அந்த ஜாதிதான். நாற்காலிக் காலை ஆசையாக நக்கித் துடைத்து வைத்துவிட்டு, அடுத்ததற்குப் போனது. வீடு முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம்.

பின்னறைக் கட்டில் காலுக்கு மூன்று பூச்சு கொடுத்தேன். இவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அந்தக் கட்டல்ல என்னத்தைக் கடிச்சரப் போகுது?"

"எதுக்கும் இருக்கட்டுமுங்க" என்றேன்.

அவர் கட்டிலை ஒருமுறை பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு நாள். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. இவருடைய செருப்பை அது தொடவில்லை. என் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது, அதையும் தொடவில்லை. விளக்குமாற்றையும் சார்ஜர் வயரையும் தவிர அது கடித்தது எல்லாமே மிதுன் தொட்டது. பிறந்ததிலிருந்து அவன் கையை மோந்து பழகிய குட்டி. அவனைத்தான் வீடு முழுக்கத் தேடுகிறது.

இன்று பின்னறைக் கதவுக்கு முன்னால் படுத்து, கீழ் இடுக்கில் மூக்கை வைத்து முனகியது. கூப்பிட்டால் வரவில்லை. கேரட் காட்டினேன், வரவில்லை.

எழுதிவிடுகிறேன். என்றைக்காவது எங்கேயாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

அந்தக் கட்டிலுக்கு அடியில் பழைய இலவம்பஞ்சு மூட்டை ஒன்று இருக்கிறது. அதற்குள் மிதுனின் ஹெல்மெட் இருக்கிறது. அவன் அதை எங்கேயும் மறந்து வைக்கவில்லை. ஒளித்து வைத்தது நான்.

அங்கன்வாடியில் ஒரு பொருளுக்காகப் பிள்ளைகள் அடம்பிடித்தால் நாங்கள் முடியாது என்று சொல்வதில்லை. எடுத்து ஒளித்துவிட்டு, "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு" என்போம். கொஞ்சம் அழும், மேலே பார்க்கும், மறந்துவிடும். மிதுனையும் அப்படித்தான் வளர்த்தேன். பம்பரம், கிரிக்கெட் மட்டை, பிளஸ் டூ படிக்கும்போது போன், எல்லாவற்றையும் காக்கா தூக்கிப் போயிருக்கிறது. அவனும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவான்.

அன்று நாலு மணிக்கு நாய்க்குட்டியை எடுக்கப் போகிறேன் என்று சட்டையை மாட்டினான். வேண்டாம், ரோமம் கொட்டும், நானும் வேலைக்குப் போகிறவள், யார் பார்ப்பது என்றெல்லாம் கத்தினேன். அவன் முகம் கழுவப் போன நேரத்தில் ஹெல்மெட்டை எடுத்துப் பஞ்சு மூட்டைக்குள் திணித்தேன். பால் வாங்கப் போனாலும் அதை மாட்டிக்கொண்டு போகிற பையன் அவன். அது இல்லாமல் கிளம்பமாட்டான், இன்றைக்கு ஓய்ந்துவிடுவான் என்று நினைத்தேன்.

வீடு பூராவும் தேடினான். கால் மணி நேரம் இருக்கும். கடைசியில் சமையலறைக்கு வந்து, "அம்மா, எங்கம்மா வெச்சீங்க?" என்றான்.

"காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு, போ."

"ஏம்மா, ஒன்றரைக் கிலோவ எந்தக் காக்காம்மா தூக்கும்?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய் யாரிடமோ போனில் பேசினான். அப்புறம் வண்டிச் சத்தம் கேட்டது.

அது இல்லாமல் தெருமுனைகூடத் தாண்டாதவன் அன்று மட்டும் எப்படிக் கிளம்பினான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஊரே அவனைத் திமிர் பிடித்தவன் என்கிறது. பெற்றவரும் அதையே சொல்கிறார். நான் தம்ளர் பொறுக்குகிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இவர் காலை ஷிஃப்டுக்குப் போனதும் ஹெல்மெட்டை எடுத்துக் கட்டைப்பையில் போட்டு வாய்க்காலுக்குக் கொண்டுபோனேன். பாலத்துக்கு மேல் போக முடியவில்லை. கீழே படித்துறையில் நின்றேன். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "என்னுங்கக்கா, சாமி சாமானா?" என்று கேட்டாள். பழைய பூஜைப் பொருளைத் தண்ணீரில் விட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

இல்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். உள்பக்கப் பஞ்சில் அவன் தலை எண்ணெய் வாசனை அப்படியே இருக்கிறது. அதை எப்படித் தண்ணீரில் போடுவது?

மறுபடி மூட்டைக்குள் வைத்தாயிற்று. மொச்சை வாசலிலிருந்து கட்டில் வரை பையை மோந்துகொண்டே கூட வந்தது.

அக்டோபர் 9, வியாழன்

மொச்சைக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்தில் லேசாக ரத்தம். மோரில் பிசைந்த சோறு கொடுத்தேன். முனகினால் ஐஸ் துணி கொடுக்கிறேன். நாலு நாளாகப் புதிதாக எதையும் கடிக்கவில்லை. இவர் வந்ததும் கயிற்றைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறது. இவர் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

கதவை நான்தான் சரியாகச் சாத்தவில்லை. மழைத்துளி விழுந்ததென்று கொடித் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து பின்னறைக் கட்டிலில் போட்டவள், அப்படியே வந்து டீ போட்டுக் கொடுத்தேன். டிப்போவில் இவருக்கு இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஹாலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் சத்தம்தான் கேட்டது. டைல்ஸ் தரையில் டொக், டொக் என்று. பிறகு பஞ்சு பறந்து வந்தது. அப்புறம் மொச்சை வந்தது, பின்பக்கமாக நடந்து, வாரைக் கவ்வி இழுத்துக்கொண்டு. கறுப்பு ஹெல்மெட், பக்கத்தில் மஞ்சள் கோடு. ஹால் நடுவில் கொண்டுவந்து போட்டுவிட்டு, இரண்டு முன்னங்காலாலும் அதைப் பிடித்துக்கொண்டு வாரை மெல்ல ஆரம்பித்தது.

இவர் தம்ளரைக் கீழே வைத்தார். என்னை ஒரு அடி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"நாந்தானுங்க ஒளிச்சு வெச்சேன். அன்னிக்கு. அவன் போகக் கூடாதுன்னு" என்றேன்.

"தெரியும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எழுந்துபோய் ஃப்ரீசரிலிருந்து கயிற்றை எடுத்து வந்து மொச்சைக்குக் காட்டினார். அது வாரை விட்டதும் ஹெல்மெட்டை எடுத்து, பஞ்சைத் தட்டி, டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போனையும் எடுத்துக்கொண்டு போனார்.

தெரியும் என்றால் எப்படித் தெரியும்? எப்போதிருந்து தெரியும்?

அக்டோபர் 13, திங்கள்

பேசவில்லை. வைத்த சோற்றைத் தின்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

பேசவில்லை. வேலைக்குப் போனேன். யாழினி ஒரு பிளாஸ்டிக் யானைக்காக மல்லுக்கட்டினாள். ஹெல்பர் அக்கா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு கண்ணு" என்றார். குழந்தை மேலே ஓட்டைப் பார்த்தது. எனக்கு என்ன வந்ததோ, "குடுங்க அதை, அவ கையில குடுங்க" என்று எல்லாருக்கும் முன்னால் கத்திவிட்டேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

தரணிக்குப் போன் செய்தேன். நாளைக்கு வந்து நாயைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இனி எதை இழுத்துப் போட வேண்டும் அது?

அக்டோபர் 15, புதன்

தரணி வந்துவிட்டான். மொச்சையின் கிண்ணம், கயிறு எல்லாவற்றையும் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து இவர் வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ், பாதி டூட்டியில் கிளம்பி வந்திருக்கிறார். தரணி முதலிலேயே இவருக்குச் சொல்லிவிட்டான்போல.

"நாயி எங்கியும் போகாது. நீ டீயக் குடிச்சுட்டுக் கெளம்பு சாமி" என்றார் அவனிடம்.

அவன் டீ குடிக்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவர் கையைக்கூடக் கழுவாமல் வாசல்படியில் உட்கார்ந்தார். போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். ரொம்ப நேரம் தள்ளினார். என் முன்னால் நீட்டினார்.

போட்டோ இல்லை. வந்த அழைப்புகளின் பட்டியல். 'மிதுன்', ஆகஸ்ட் 24, மாலை 4.41, முப்பத்தெட்டு நொடி.

"ஒரு வண்டிக்கு அடியில படுத்திருந்தேன்" என்றார். "போன் அடிச்சுது. 'அப்பா, அம்மா ஹெல்மெட்ட எங்கியோ ஒளிச்சு வெச்சுட்டாங்க, கேட்டா காக்கா தூக்கீட்டுப் போச்சுங்கறாங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னான். சிரிச்சுட்டேதான் சொன்னான். நானு வேலை மும்முரத்துல, 'அவகிட்ட என்னத்தடா வாதாடீட்டு, இந்தா இருக்குது தோட்டம், எந்தப் போலீஸ்காரன் நிக்கறான் அங்க, சும்மா போயிட்டு வா'ன்னேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேண்டாம்ப்பா, அது இல்லாமப் போறதில்லையேன்னான். 'அட, போடா'ன்னேன். செரீப்பான்னு வெச்சுட்டான்."

முப்பத்தெட்டு நொடி, அவ்வளவுதான்.

"இத்தனை நாளும் ஏனுங்க சொல்லல? எம்மேல பழியப் போட்டிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"உன்னையச் சொன்னா என்னையச் சொல்லோணுமே மணி." என் பெயர் சாந்தாமணி. மிதுன் பிறந்த பிறகு இவர் என்னை மணி என்று கூப்பிட்டதில்லை, மிதுனம்மா என்பதுதான் வழக்கம். "அதான் அவன்மேலயே போட்டுட்டேன். திமிரு, மறதின்னு. செத்தவன் என்ன, எதுத்துப் பேசவா போறான்?"

அதற்குப் பிறகு இவர் அழுதார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், தெரு பார்க்க, கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு. பிணத்தை இறக்கியபோதுகூட இவர் அழவில்லை. நான் அழவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது. இவர்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் பிள்ளை அப்பா பேச்சைத் தட்டாமல்தான் போயிருக்கிறான்.

அக்டோபர் 16, வியாழன்

பையில் போட்ட கிண்ணத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

அக்டோபர் 18, சனி

ஹெல்மெட்டைத் துடைக்கும்போது வாரில் என்னவோ குத்தியது. பார்த்தால், நாருக்குள் மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பல். அரிசிக் குருணை அளவு. அன்றைக்கு மெல்லும்போது விழுந்திருக்கிறது.

இவரிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிதுனுக்கு முதல் பல் விழுந்தபோது சாணியில் உருட்டி ஓட்டின்மேல் எறிந்தோம். அப்போது ஓட்டு வீடு. அவன் இவர் தோளில் உட்கார்ந்து எறிந்தான், மூன்றாவது தடவைதான் மேலே போய்த் தங்கியது. இப்போது ஓடும் இல்லை, சாணிக்கும் எங்கே போவது? பல்லைப் பழைய லேசோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேல்வரிசையில் புதுப் பல் இரண்டு எட்டிப் பார்க்கின்றன. எடை எட்டு கிலோ இருக்கும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எங்களுக்கு இந்த வருடம் பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. வெடிச் சத்தத்துக்கு மொச்சை சோபாவுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. கயிற்றைக் கொடுத்ததும் அதைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

துக்க வீட்டில் அடுப்பு வெறுமனே இருக்குமென்று பத்து மணிக்கு இவர் அக்கா சரோஜினி முறுக்கும் அதிரசமும் செய்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். கூடவே அவர் மருமகளும் வந்திருந்தாள். காபி கொடுத்தேன். மிதுன் படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். அப்புறம் டிவிக்குப் பக்கத்திலிருந்த ஹெல்மெட் கண்ணில் பட்டது.

"கெடைச்சிருச்சா இது? வீட்டுலயே வெச்சுட்டுப் போயிருக்கறான் பாரு. கைக்கெட்டற தூரத்துல இருக்கறத எடுத்து மாட்டறதுக்கு என்ன கேடு? எம்பேரனுக்கு தெனமும் இவனத்தான் சொல்லிக் காட்டறேன், மாமன மாதிரி திமிரு புடிச்சுத் திரியாதேன்னு" என்றார்கள்.

நான் இவரைப் பார்த்தேன். வழக்கமாகச் சொல்கிற பதிலுக்கு இவர் வாயெடுத்த மாதிரிதான் இருந்தது. சோபாவுக்கு அடியில் மொச்சை கயிற்றைக் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பிடிச் சொல்லாத அக்கா" என்றார் இவர். "அவன் தேடுனான். வீடு பூராம் தேடுனான். எனக்குப் போன் போட்டும் கேட்டான். நாங்கதான் குடுக்கல."

அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"ஒளிச்சு வெச்சது நாந்தானுங்க" என்றேன்.

"பரவால்ல, சும்மா போன்னு சொன்னது நானு" என்றார் இவர்.

அக்கா பாதி குடித்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளர்கள் நாலும் அங்கேயே இருந்தன. நான் எடுக்கவில்லை. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.